பல்லுப்போன ஓநாய்

செத்த ஓநாயை அடிக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அருங்காட்சியகத்தின் பின்வாசலுக்குத் தள்ளுவண்டி வந்து சேர்வதற்குள் ஊரில் பாதிப்பேர் அதற்கு ஓர் உதையாவது கொடுத்திருந்தார்கள். உயிரோடு இருந்தபோது அது தும்மியிருந்தால்கூடக் கட்டிலுக்கடியில் பதுங்கியிருக்கக்கூடியவர்கள்தான்.

சலவைக்காரியின் ஏழு வயது மகளைப் பள்ளிக்குப் போகிற வழியில் ஏதோ ஒன்று கவ்வி, முன்கையைக் குதறிவிட்டது. நல்ல மூடுபனி, பார்த்தவர் யாருமில்லை. பிள்ளைக்கும் பயத்தில் எதுவும் சொல்லத் தெரியவில்லை. ஓநாய்தான் என்று ஊர் முடிவுகட்டியது. மூன்றாம் நாள், மரம் அறுத்து விற்கும் மரவாடிக்காரர் மலையடிவாரத்தில் ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்தார். ஒரே நாளில் பெரிய வீரராகிவிட்டார்.

அருங்காட்சியகத்தில் ஒருத்தி வேலை பார்த்தாள். செத்த விலங்குகளைப் பாடம் பண்ணி, உயிருள்ளது போல நிறுத்துவதுதான் பதினெட்டு வருஷமாக அவள் வேலை. மரவாடிக்காரர் அவளுக்கு அக்கா புருஷன். தோலை உரிப்பதற்கு முன் ஓநாயின் வாயைப் பிளந்து பார்த்தாள். கிழட்டுப் பெண் ஓநாய். கோரைப்பற்கள் நான்கும் ஈறோடு ஈறாகத் தேய்ந்து கிடந்தன. வயிற்றில் இருந்ததெல்லாம் வெட்டுக்கிளிகளும் ஒரு தவளையும். பிள்ளையின் கையிலோ எலும்புவரை இறங்கிய நாலு துளைகள் என்று கட்டுப்போட்ட நர்ஸ் சொல்லியிருந்தாள்.

அப்படியானால் கடித்தது இன்னும் உயிரோடு இருக்கிறது. அதே வழியாகத்தான் இவள் மகளும் பள்ளிக்குப் போகிறாள். வழியில் மரவாடி. மரவாடியில் இரண்டு காவல்நாய்கள்.

மறுநாள் அத்தானே வேலைக்கூடத்துக்கு வந்து நின்றார்.

"வாயை நல்லாப் பொளந்து வை. பார்க்கறவன் அலறணும்."

"பல்லே இல்ல அத்தான்."

"இல்லன்னா வச்சு விடு. வார்த்து வச்ச பல்லு உங்க அலமாரியிலயே கிடக்குமே."

"பிள்ளையைக் கடிச்ச அன்னிலேருந்து நாய் ரெண்டையும் கட்டியே வச்சிருக்கீங்களாம். அக்கா சொன்னா. ஏன்?"

அவர் முகம் கறுத்துவிட்டது. "உங்க அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. இதோ பாரு, ஓநாய்னாலே திருட்டு ஜென்மம். இன்னிக்குக் கடிக்கலன்னா நாளைக்குக் கடிக்கும். அதுக்கு வக்காலத்து வாங்கறதுக்கு முன்னாடி, உங்க அக்கா யார் வீட்டுல இருக்கான்னு நெனைச்சுக்க."

அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரான காப்பாட்சியரிடம் போய்ச் சொன்னாள். "ஊரே பார்க்க வருதும்மா. ஓநாய் ஓநாய் மாதிரி இருந்துட்டுப் போகட்டும்," என்று அவர் நழுவிவிட்டார்.

பொய்ப்பல் பெட்டியை அவள் தொடவே இல்லை. ஆறு வாரம் வேலை செய்து, வாயை அகலப் பிளந்துதான் வைத்தாள். தேய்ந்த பற்கள் பளிச்சென்று தெரிய நேர்மேலே ஒரு விளக்கையும் மாட்டினாள். கண்ணிருப்பவர்களுக்குப் புரிந்துவிடும் என்று நம்பினாள், பாவம்.

துணியை விலக்கிய அன்று கூடத்தில் நிற்க இடமில்லை. அத்தான் சட்டையில் பதக்கம் குத்தியிருந்தார்கள்.

"அம்மாடி, பல்லைப் பாரு!" என்று முன்வரிசையில் ஒருத்தி அலறினாள். பின்னால் நின்ற பத்துப்பேர் எட்டிப்பார்த்து அதையே சொன்னார்கள். சலவைக்காரி கண்ணாடிப் பெட்டிமேல் காறித் துப்பினாள்.

பாடம் பண்ணியவளுக்குப் பொறுக்கவில்லை. சலவைக்காரியின் கையைப் பிடித்துக் கண்ணாடிக்கு அருகே இழுத்தாள். "நல்லாப் பாரும்மா. இதுக்குக் கடிக்கிற பல்லே இல்ல. உன் பிள்ளையைக் கடிச்சது இது இல்ல."

சலவைக்காரி குனிந்து பார்த்தாள். நிதானமாகவே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "என் பிள்ளையைக் கடிச்சதுலதான் தேஞ்சிருக்கும்," என்றாள்.

கூட்டம் ஆமாம் போட்டது. அத்தான் இவளைப் பார்த்துச் சிரித்தார். அன்று சாயங்காலமே நாய்களை அவிழ்த்துவிட்டார்.

மறுநாள் காலை இவள் ஒரு தடியை எடுத்துக்கொண்டு தன் மகளோடு கிளம்பினாள். மரவாடியை நெருங்கும்போது, ஓநாய் பயம் தெளியாமல் ஆறு வாரமாகப் பெற்றவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளெல்லாம் அவர்களுக்கு முன்னால் தனியாக ஓடிக்கொண்டிருந்தார்கள். சலவைக்காரியின் மகளும் அவர்களில் இருந்தாள். ஓநாய்தான் செத்துவிட்டதே.