கணவாய்ச் சந்தை

சிதம்பரம் கீழ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மளிகைக் கடை மாடியில், கார்த்திகேசன் இணைய மையம் வைத்திருந்தான். அங்கிருந்த கணினிகளில் ஒன்றை மட்டும் அவன் யாருக்கும் வாடகைக்குக் கொடுப்பதில்லை. மேசைக்கு அடியில் எந்நேரமும் உறுமிக்கொண்டிருந்த அந்தப் பெட்டிதான் சர்வர். பல பேர் ஒரே சமயத்தில் உள்ளே நுழைந்து, வேட்டையாடி, பண்டம் செய்து, ஊர் ஊராகத் திரிகிற ஒரு விளையாட்டு அதில் ஓடிக்கொண்டிருந்தது. அதை எழுதியவர்கள் பல நாட்டுக்காரர்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று நிரல் முழுவதையும் இணையத்தில் திறந்து வைத்திருந்தார்கள். கார்த்திகேசன் அதை இறக்கி ஊர்ப்பெயர்களையெல்லாம் தமிழாக்கினான். வடக்கே மலையடிவாரத்தில் கல்கோட்டை, தெற்கே கடலோரத்தில் உப்பளம். நடுவில் ஓடிய ஆற்றுக்கு வெள்ளாறு என்றே பெயர் வைத்துவிட்டான்.

முதல் வருஷம் கல்லூரிப் பையன்கள் கூட்டமாக வந்தார்கள். 2008 முடிவதற்குள் படிப்பு முடித்து ஊரைவிட்டுப் போனார்கள். மிஞ்சியது விரல்விட்டு எண்ணும் அளவுதான். கல்கோட்டையில் ஒருவன் மான் தோல் உரித்து வைத்திருப்பான்; வாங்க ஆளிருக்காது. உப்பளத்தில் உப்பு குவிந்து கிடக்கும், கேட்பாரில்லை.

அப்படியும் விடாமல் வந்துகொண்டிருந்தவர் ஞானசேகரன். குடிகாட்டு ரசாயனத் தொழிற்பேட்டையில் பாய்லர் பார்க்கிற வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்துவிடுவார். விளையாட்டில் சண்டைக்கே போகமாட்டார். வியாபாரம்தான் பண்ணுவார். எதிராளி ஒரு விலை சொல்ல, இவர் ஒன்று சொல்ல, அவன் போவதுபோல் நடிக்க, இவர் கூப்பிடாமல் இருக்க, அதில்தான் அவருக்குச் சந்தோஷம். இப்போது பேரம் பேச ஆளில்லாமல், காலியான கடைத்தெருவில் மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

"கார்த்தி, ஊரே செத்துப்போச்சுப்பா" என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அன்று ஜெயராணியும் அங்கே இருந்தாள். கார்த்திகேசனோடு எம்.சி.ஏ. படித்தவள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் சில வாரம் சிதம்பரம் வருவாள். விளையாட அல்ல, சர்வரில் ஏதாவது கோளாறு என்றால் கார்த்திகேசனுக்கு அவள்தான் கதி.

"ஆளு இல்லன்னா வியாபாரிங்கள நாமளே உண்டாக்கலாம்" என்றாள். "தானா வாங்கி, தானா விக்கிற மாதிரி. கையிருப்பு கொறைஞ்சா வெலை ஏறணும், குவிஞ்சா எறங்கணும்."

ஞானசேகரனுக்குப் பிடிக்கவில்லை. "ஆளும் ஆளும் பேசி வாங்குறதுதாங்க யாவாரம். பொம்மைகிட்ட என்னா பேசுறது? ஊரு காலியா இருக்குதுன்னு துணிக்கடை பொம்மைய நடுத்தெருவுல நிறுத்துவீங்களா?"

"வேணுங்கிறவங்க வெச்சிக்கலாம். வேணாம்னா நீங்க அணைச்சிடலாம். உங்க கண்ணுக்கே படாது."

"அப்ப எனக்கு அணைச்சே வெச்சிருங்க."

ஜெயராணி எழுத ஆரம்பித்தாள். பஸ்ஸில் யோசிப்பாள், வீட்டில் எழுதுவாள். அவள் உண்டாக்கிய வியாபாரிகளுக்குத் தெரிந்தவை மிகச் சிலவே. எந்தப் பண்டம் எங்கே விலை ஜாஸ்தி என்று தெரியும். அங்கே சுமந்துகொண்டு போகத் தெரியும். வழியில் தின்னச் சோறு எடுத்துக்கொள்வார்கள்; சோறு பாதியானால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். தண்ணீர் இருக்கும் இடத்தில் சற்று இளைப்பாறுவார்கள். இன்னொரு வியாபாரியோ ஆட்டக்காரரோ பக்கத்தில் தென்பட்டால், இருவருக்கும் லாபம் இருந்தால், விலையைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி அங்கேயே கைமாற்றிக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

முடித்ததும் அந்த விளையாட்டை எழுதியவர்களின் மின்னஞ்சல் மடற்குழுவுக்கு அனுப்பினாள். நீண்ட வாக்குவாதம் நடந்தது. ஞானசேகரன் சொன்னதையே வேறு வேறு நாட்டுக்காரர்கள் வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள், ஒரு நிபந்தனையோடு: இந்த வசதி மூடியே இருக்க வேண்டும், வேண்டிய சர்வர்க்காரர் திறந்துகொள்ளட்டும், அங்கேயும் வேண்டாத ஆட்டக்காரருக்கு அந்த வியாபாரிகள் தெரியக் கூடாது. அவளுக்கும் அதுதான் சரியென்று பட்டது.

கார்த்திகேசன் திறந்தான். உப்பளத்தில் குவிந்திருந்த உப்பு மெல்ல நகர ஆரம்பித்தது. கல்கோட்டையில் கருவாடு வந்து இறங்கியது. நின்றுபோன பையன்கள் சிலர் எட்டிப் பார்த்தார்கள். ஞானசேகரன் மட்டும் தன் காலியான கடைத்தெருவிலேயே நடமாடிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் பொங்கல் விடுமுறையில் கார்த்திகேசன் சர்வருக்குப் புதிய பதிப்பை ஏற்றினான். அதில் ஒரு தப்பு நேர்ந்தது. வெள்ளாற்றுப் பாலம் வரைபடத்திலிருந்து விடுபட்டுப் போயிற்று. ஆட்டக்காரர்கள் நீந்திக் கடந்தார்கள். நாலு நாளைக்குக் கிண்டலடித்துவிட்டு விட்டுவிட்டார்கள். கார்த்திகேசனும் அப்புறம் போடலாம் என்று விட்டான். கம்பெனி வேலையாகப் பெங்களூர் போயிருந்த ஜெயராணிக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.

அவள் திரும்பி வந்த வாரக் கடைசியில், காலையிலேயே கார்த்திகேசனின் போன் வந்தது.

"ராணி, ஒடனே கெளம்பி வா. ஞானசேகரன் அண்ணன் என்னமோ பாத்துட்டு ஒக்காந்திருக்காரு. எனக்கும் ஒண்ணும் புரியல."

"என்ன, சர்வர் படுத்துடுச்சா?"

"இல்ல. நல்லா ஓடுது. அதான் புரியல."

ஜெயராணி பஸ் ஏறினாள். குடிகாட்டைத் தாண்டும்போது வழக்கமான நெடி வந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் போனதே அவள் மனதில் பதியவில்லை. தரவு கெட்டுப்போயிருக்குமோ, தன் நிரல்தான் எதையாவது கெடுத்துவிட்டதோ என்றே ஓடிக்கொண்டிருந்தது.

ஞானசேகரன் இரவு ஷிஃப்ட் முடித்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார். திரையில் அவருடைய ஆள் ஒரு மலைக் கணவாயில் தனியாக நின்றான். ஆற்றின் தலைமாட்டைச் சுற்றிப் போகும் அந்த வழி யாரும் போகாதது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் சரிவு, நடுவில் ஒரு சுனை. வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பெயர்கூடக் கிடையாது.

"சும்மா சுத்திப் பாக்கலாம்னு வந்தன் மேடம்" என்றார். "இத பாருங்க."

சுனையைச் சுற்றிப் புல் இல்லை. அந்த விளையாட்டில் கால் பட்ட இடத்தில் புல் தேயும். பட்டுக்கொண்டே இருந்தால் மண் தெரியும். விட்டுவிட்டால் திரும்ப முளைக்கும். இங்கே மண் வெளுத்திருந்தது. வடக்கேயிருந்து ஒரு தடம், தெற்கேயிருந்து ஒரு தடம், இரண்டும் வண்டிப் பாதை அகலத்துக்கு வந்து சுனையருகே கலந்தன. ஆங்காங்கே அடுப்பு மூட்டிய சாம்பல். ஒரு பாறையடியில் நாலு மூட்டை உப்பு. யாருமே இல்லை.

"இம்மாந்தடம் விழணும்னா எத்தினி பேரு நடந்திருக்கணும்? நம்மகிட்ட அத்தினி பேரு எங்க இருக்காங்க?" ஞானசேகரன் குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, திரையில், தடத்தின் ஓரத்தில் மிஞ்சியிருந்த ஒரு புல் மஞ்சளாகி மறைந்தது.

மூவரும் அதைப் பார்த்தார்கள்.

ஜெயராணிக்குச் சட்டென்று பிடிபட்டது. "அண்ணே, உங்களுக்கு வியாபாரிங்கள அணைச்சில்ல வெச்சிருக்கு? ஒரு நிமிஷம் தெறந்து பாக்கலாமா?"

அவர் சற்று யோசித்தார். "தெறங்க."

அவள் குனிந்து ஒரே ஒரு எண்ணை மாற்றினாள்.

கணவாய் நிறைந்தது. சுனையைச் சுற்றி ஆட்கள். உப்பு மூட்டையை இறக்குகிறவர்கள், இரும்புக் கட்டியைத் தூக்குகிறவர்கள், சாம்பல் பக்கத்தில் குந்தியிருக்கிறவர்கள், தெற்கத்திக் கருவாட்டுக்கு வடக்கத்தித் தோலைக் கொடுக்கிறவர்கள். ஒவ்வொரு தலைக்கு மேலும் விலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஞானசேகரனின் ஆள் நின்ற இடத்துக்கு இருபுறமும் இருவர், இத்தனை நேரமும் அவன் வழியாகவே பேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஞானசேகரன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். கை கூப்புவதா, வேறென்ன செய்வது என்று தெரியாதவர்போல இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"இத யாரு கட்டுனது?" என்றார்.

"நான் எழுதல" என்றாள் ஜெயராணி. கார்த்திகேசனைப் பார்த்தாள். அவனும் இல்லையென்று தலையாட்டினான்.

அவர்கள் ஒரே ஒரு வியாபாரியைத் தேர்ந்தெடுத்து, அவனை மட்டும் பின்தொடர்ந்தார்கள். உப்பளத்திலிருந்து உப்போடு கிளம்பினான். பாலம் இருந்த இடம் வரை போனான், ஆறு. சுமையோடு நீந்த அவனுக்குத் தெரியாது. வேறு வழி தேடினான். மலையைச் சுற்றும் வழி அகப்பட்டது. ஏறினான். கணவாய்க்கு வரும்போது கட்டுச்சோறு பாதியாகிவிட்டது. இனி முன்னே போக முடியாது, திரும்பத்தான் வேண்டும். அதற்குமுன் தண்ணீர் கண்டு உட்கார்ந்தான். கல்கோட்டையிலிருந்து இதே கதையோடு வந்த இன்னொருவன் எதிரே உட்கார்ந்திருந்தான். உப்பு கைமாறியது, தோல் கைமாறியது. இருவரும் எழுந்து அவரவர் ஊருக்குத் திரும்பினார்கள்.

உப்பளத்துக்காரன் எவனும் கல்கோட்டையைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் கல்கோட்டையில் உப்பு இருந்தது.

ஜெயராணி தன் நிரலை மறுபடி வரி வரியாகப் பார்த்தாள். ஒவ்வொரு வரியும் அவள் எழுதியதுதான். சோற்று வரி, தண்ணீர் வரி, பக்கத்தில் ஆள் இருந்தால் பார்க்கும் வரி. ஆனால் சந்தை என்ற சொல்லை அவள் எங்கேயும் எழுதவில்லை. பாலம் போனால் என்ன செய்வது என்று யோசித்ததுகூட இல்லை. சின்ன வயதில் முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது வந்த மாதிரி ஒரு பயமும் மகிழ்ச்சியும் சேர்ந்து எழுந்தன. மதியச் சாப்பாட்டை மூவரும் மறந்தே போனார்கள்.

செய்தி பரவியது. விட்டுப்போன பையன்கள் சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் உள்ளே வந்து, மலையேறி, சுனையருகே நின்று பார்த்தார்கள். ஞானசேகரன் அங்கேயே தோல் பதனிடும் கடை போட்டார். அவர் வியாபாரிகளை மறுபடி அணைக்கச் சொல்லவே இல்லை.

பாலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. போட்டால் சந்தை அழிந்துவிடும், விடு என்றான் கார்த்திகேசன். ஜெயராணிக்கும் மனமில்லை. ஞானசேகரன்தான் மறுத்தார்.

"பாலத்த ஒடைச்சி வெச்சிட்டு நடத்துனா அது என்னாங்க சந்தை? ஜனங்கள வழிமறிச்சி நிறுத்துற மாதிரி இல்ல? போட்டுடுங்க. நிக்கணும்னா அது நிக்கும்."

பாலத்தைப் போட்டார்கள். வியாபாரிகள் ஒவ்வொருவராக நேர்வழிக்குத் திரும்பினார்கள். சில நாளில் கணவாய் வெறிச்சோடியது. தடத்தின் ஓரங்களில் புல் முளைத்தது. ஞானசேகரனும் இன்னும் இரண்டு மூன்று ஆட்டக்காரர்களும் மட்டும் கடையை மூடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வாரம் ஜெயராணி போன் செய்து கேட்டபோது, "யாரும் வர்ல தங்கச்சி. பாக்கலாம்" என்றார். மேடம் எப்போது தங்கச்சியானது என்று அவளும் கவனிக்கவில்லை.

தோல் பதனிட உப்பு வேண்டும். அவர்களிடம் உப்பு தீர்ந்தது. அங்கே உப்பின் விலை ஏறியது. ஒருநாள் மாலை, உப்பளத்து வியாபாரி ஒருவன் பாலத்தருகே நின்றான், திரும்பினான், மலையேறினான். மறுநாள் இன்னும் இருவர். முன்போலக் கூட்டம் சேரவில்லை. ஆனால் சந்தை நின்றது. வரைபடத்தில் அந்த இடத்துக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லி ஞானசேகரனையே கேட்டார்கள். அவர் ரொம்ப யோசித்துச் சுனைமேடு என்றார்.

2010இன் மழைக்காலத்தில் மடற்குழுவில் ஒரு கடிதம் வந்தது. வட தேசம் ஒன்றிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: அந்த வசதியைத் தன் சர்வரில் திறந்ததாகவும், பனிமூடிய ஏரியின் நடுவே, யாரும் வைக்காத இடத்தில், ஒரு சந்தை முளைத்திருப்பதாகவும், இது பிழையா என்றும். கூடவே ஒரு படம். வெள்ளை வெளியில் சின்னச் சின்ன உருவங்கள், ஒன்றையொன்று நோக்கி.

ஜெயராணி அதைக் கார்த்திகேசனின் மையத்தில் உட்கார்ந்துதான் படித்தாள். வெளியே மழை பிடித்திருந்தது. அவளுடைய சந்தைகள் இன்னும் எத்தனை ஊரில், எந்தெந்த மலையில், எந்தெந்தத் தீவில், யார் கண்ணும் படாமல் கூடிக் கலைந்துகொண்டிருக்கின்றனவோ. பிழை இல்லை என்று பதில் எழுதினாள். அதற்குமேல் என்ன எழுதுவதென்று தெரியாமல் அப்படியே அனுப்பினாள்.

பிறகு, "கார்த்தி, எனக்கு ஒரு ஆளு உண்டாக்கித் தா" என்றாள்.

"எதுக்கு? சோதிக்கவா?"

"இல்ல. விளையாட."

இத்தனை வருஷத்தில் அவள் ஒருமுறைகூட விளையாடியதில்லை. கார்த்திகேசன் சிரித்துக்கொண்டே ஓர் ஆளை உண்டாக்கி, உப்பளத்தில் இறக்கிவிட்டான். அவள் வழி கேட்டுக் கேட்டு நடந்தாள். தடுக்கி விழுந்தாள். சுனைமேட்டை அடைந்தபோது, கருவாடு விற்கிற ஒருவன் அவளைப் பார்த்துத் திரும்பி ஒரு விலை சொன்னான்.

அவள் குறைத்துக் கேட்டாள். அவன் கொஞ்சம் இறங்கினான். எவ்வளவு இறங்குவான் என்பது அவளுக்குத் தெரியும். அந்த வரியை எழுதியவளே அவள்தான். இருந்தும் போவதுபோல் நாலடி எடுத்துவைத்து, அவன் கூப்பிடுகிறானா என்று திரும்பிப் பார்த்தாள்.