அது ஒன்றுதான் பொய்

"மெம்பரம்மா இல்லீங்களா? நீங்க யாரு, வீட்டு வேலைக்கு இருக்கீங்களா?"

முன்கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண் கள்ளங்கபடு இல்லாமல்தான் கேட்டாள். டீத் தட்டோடு நின்ற அண்ணிக்கு அது ஊசி மாதிரி இறங்கியது.

"நான் அவளோட அண்ணி," என்றாள்.

"அப்படிங்களா! குடுத்து வெச்சவங்க. அந்த மகராசிகூட ஒரே வீட்ல இருக்கீங்களே!"

தட்டை மேசைமேல் கொஞ்சம் சத்தமாகவே வைத்துவிட்டு அண்ணி உள்ளே போனாள். வந்திருந்த நால்வரும் வடக்கத்தி ஊர்க்காரர்கள். செருப்பில் அப்பியிருந்த செம்மண்ணும், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை இழுக்கிற இழுவையும் அவளுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். மலைக்கு அந்தப் பக்கம், ஆற்றைத் தாண்டி, ஊருக்கு ஐம்பது அறுபது வீடாகச் சிதறிக்கிடக்கும் அந்தச் சீமையில்தான் அவளும் பிறந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் 'எங்க ஊர்ப் பொண்ணா!' என்று கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அவர்கள் தேடி வந்தது அவளை இல்லையே. வடக்கில் பிறந்தவள் இவள். வடக்குக்கு வக்காலத்து வாங்குகிறவள் அவள்.

அவள் என்றால் நாத்தனார். அண்ணியின் புருஷன், மரக்கடை வைத்திருக்கும் மரவாடிக்காரரின் ஒரே தங்கை. குழந்தை இல்லை என்று புருஷன் கைவிட்ட பிறகு பிறந்த வீட்டுக்குத் திரும்பியவளுக்கு, அண்ணன் சமையல்கட்டை ஒட்டிய சாமான் அறையை ஒழித்துக் கொடுத்தார். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டாள். விசேஷ வீடுகளுக்கு அவளைக் கூட்டிப் போவதில்லை. அந்த நாட்களில் அண்ணிக்கு அவள்மேல் ஒரு குறையும் கிடையாது. தனக்கும் கீழே ஒருத்தி இருந்தால் மனசுக்கு ஒரு நிம்மதி இருக்கத்தானே செய்கிறது.

நர்ஸ் படிப்புப் படித்திருந்தாள். வடக்கே ஒரு மருந்தகத்தில் வேலை வந்தபோது, 'கண்காணாத இடத்தில் இருந்தால் சரி' என்று அண்ணன் வண்டி ஏற்றிவிட்டார். போனவள் அங்கேயே வேர் பிடித்துவிட்டாள். கடந்த தேர்தலில் அந்தத் தொகுதிக்கு அண்ணன் கட்சியிடம் சீட்டுக் கேட்டு அலைந்துகொண்டிருந்தார். அது வேறொருவருக்குப் போயிற்று. வடக்கத்தி ஜனங்களோ எந்தக் கட்சியையும் கேட்காமல் நர்ஸம்மாவைச் சுயேச்சையாக நிறுத்தி ஜெயிக்கவைத்துவிட்டார்கள்.

சட்டசபை நடக்கிற நாட்களில் அவள் தனியாக வீடெடுத்துத் தங்கப் பார்த்தாள். "ஒண்டிப் பொம்பளை, ஊர் என்ன சொல்லும்?" என்று அண்ணன்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தார். மெம்பரைப் பார்க்க வருகிறவர்கள் மரவாடியையும் பார்த்துவிட்டுப் போவார்கள் என்பது அவர் சொல்லாமல் விட்ட காரணம். இந்த முறை சாமான் அறை இல்லை, மாடியில் காற்றோட்டமான அறை. அந்த அறையை ஒழித்துப் பெருக்கியவள் அண்ணி. பெருக்கும்போதே வயிறு எரிந்தது. நேற்றுவரை நம் மிச்சத்தைத் தின்றவள்! போலீஸ்காரர் அவளுக்குச் சலாம் வைக்கிறார். தெருவில் போகிற பள்ளிக்கூடத்துப் பெண்கள் நின்று பார்க்கிறார்கள். தான் கட்டிக்காத்த குடும்பம், பெற்ற பிள்ளை, புருஷன் சொல் தட்டாத பேர் எல்லாம் எங்கே போயிற்று? நல்ல பெண்டாட்டியாக இருந்ததற்கு யார் சலாம் வைத்தார்கள்?

அன்று பிற்பகல் சபை நடவடிக்கை வானொலியில் வந்தது. மரவாடிக்காரரும் அவருடைய இரண்டு கட்சி நண்பர்களும் முன்கூடத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். அண்ணி கதவோரமாக நின்றாள்.

நாத்தனாரின் குரல் அதிகம் ஏறவில்லை. வடக்கே ஒரு மகப்பேறு விடுதி வேண்டும், ராத்தங்கும் டாக்டர் ஒருவர் வேண்டும், இடிந்த பாலத்தைக் கட்டித்தர வேண்டும் என்று கேட்டாள். "ஜனத்தொகை போதாதுன்னு அமைச்சர் சொல்றார். ஜனங்க பிறந்து பிழைச்சாத்தானே தொகை சேரும்?" என்றதும் சபையில் சிரிப்பு எழுந்தது. பிறகு சொன்னாள்:

"ஒரு தாயைப் பத்திச் சொல்றேன். நிறைமாசம். அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு பார்க்க வந்த இடத்துல வலி கண்டுடுச்சு. ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போனோம். பாலம் இல்லை. மழையில ஆத்தங்கரையில நின்னோம். அந்த ஜீப்புலயே ஒரு ஆண் குழந்தை பிறந்தது. மூச்சு திணறிச்சு. என் கையில ஒரு சாமானும் இல்லை. அந்தத் தாய் குழந்தையை நெஞ்சோட சேர்த்து வெச்சுக்கிட்டு, 'அக்கரையில விளக்கு தெரியுதா பாரு, யாராவது வர்றாங்களா பாரு'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. யாரும் வரலை."

வானொலியில் யாரோ இருமுவதுகூடக் கேட்டது. பிறகு கைதட்டு எழுந்தது.

கதவோரம் நின்ற அண்ணி வானொலியை நோக்கி ஓரடி முன்னால் வந்தாள். அது அவளுடைய ஜீப். அவளுடைய மழை. அவள் வாயிலிருந்து வந்த வார்த்தைகள்.

"யாருப்பா அந்தப் பொம்பளை?" என்றார் நண்பர்களில் ஒருவர்.

"யாருக்குத் தெரியும்? அரசியல்ல ஆயிரம் கதை," என்றார் மரவாடிக்காரர். கதவுப் பக்கம் அவர் பார்த்த பார்வையில் 'உள்ளே போ' என்று இருந்தது.

வருஷங்களுக்கு முன், அந்த நிறைமாசத்தில், அவர் தடுத்தும் அவள் தாயைப் பார்க்கப் போனாள். அதனால் நடந்ததெல்லாம் அவள் தப்பு என்று தீர்ப்பாயிற்று. "பொட்டப்புள்ளைதானே, போனது போகட்டும். வெளியில மூச்சு விடக்கூடாது," என்று மாமியார் முடித்துவைத்தார். பிறப்பையும் பதியவில்லை, இறப்பையும் பதியவில்லை. அண்டை அயலுக்கு 'காய்ச்சலில் படுத்திருந்தாள்' என்று சொன்னார்கள். அடுத்து மகன் பிறந்ததும், கணக்கு நேராகிவிட்டது என்று வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். அண்ணி அழக்கூட இடமில்லாமல் அந்தத் துக்கத்தை மடித்து மடித்து உள்ளே வைத்திருந்தாள். அவளுக்கே அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து அதுதான். இப்போது அதையும் எடுத்துக்கொண்டு போய்ச் சபையில் கைதட்டு வாங்கிவிட்டாள்!

ஆனால் கைதட்டு நீடிக்கவில்லை. அப்படி ஒரு பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை என்று அமைச்சர் மறுநாளே சபையில் அடித்துச் சொன்னார். பத்திரிகைகள் 'கண்ணீர்க் கதை' என்று கேலி செய்தன. விஷயம் உரிமைக் குழுவுக்குப் போயிற்று. குழு வடக்குக்கு நேரில் போய் விசாரிக்கும். அந்தத் தாயைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டுக் கோரிக்கையையும் திரும்பப் பெற வேண்டும்.

அன்று சாயங்காலம் நாத்தனார் களைத்துப்போய் வந்து சமையல்கட்டிலேயே உட்கார்ந்தாள். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு காய் நறுக்கினாள்.

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

"தப்புதான் அண்ணி. பேர் சொல்லலையேன்னு நினைச்சுட்டேன்."

"பேர் சொன்னாத்தான் என்னோடதா? நான் வாய் திறந்து ஒரு தடவை அழுதிருப்பேனா? நீ ஊரைக் கூட்டி அழுதுட்டு வந்திருக்கே!"

அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள்.

"சரி, சொன்னதுதான் சொன்னே. ஆம்பளப் புள்ளைன்னு எதுக்குச் சொன்னே?"

"பொண்ணுன்னு எழுதித்தான் வெச்சிருந்தேன் அண்ணி. எழுந்து நின்னு அந்த முகங்களைப் பார்த்ததும் வாய் தானா மாத்திடுச்சு. பொண்ணுன்னு சொல்லியிருந்தா அவங்க நிமிர்ந்தே பார்த்திருக்க மாட்டாங்க. அந்தச் சபையும் நம்ம வீடு மாதிரிதான்."

அண்ணி நறுக்கிய காயைச் சட்டியில் அள்ளிப் போட்டாள்.

"நான் மன்னிப்புக் கேட்டுடறேன்," என்றாள் நாத்தனார். "உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். வடக்குக்கு விடுதி இந்தத் தடவை வராது. அடுத்த தடவை பார்க்கலாம்."

அண்ணிக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ இன்னொரு பொறாமை. பார், விட்டுக்கொடுப்பதிலும் இவளே முந்திக்கொள்கிறாள்! தியாகம் பண்ணக்கூட நமக்கு மிச்சம் வைக்கவில்லை.

மரவாடிக்காரருக்குக் கொண்டாட்டம். தங்கை தலை குனிந்தால் தொகுதி காலியாகும் என்று கட்சியில் பேச்சு அடிபட்டது. விசாரணைக்குக் கிளம்பும்போது மனைவியையும் வண்டியில் ஏறச் சொன்னார்.

"நீ அந்த மண்ணுல பொறந்தவ. நாலு பேர் பார்க்க என் பக்கத்துல நில்லு, அது போதும். ஆனா வாயைத் திறந்தே, வீட்டுப் பக்கம் வந்துடாதே."

விசாரணை ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில் நடந்தது. தகரக் கூரை. சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் குழு உறுப்பினர்கள் முட்டியை மடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து ஜனம் வந்து ஜன்னல்களை அடைத்து நின்றது. முன்வரிசையில் மரவாடிக்காரர் கால்மேல் கால் போட்டிருந்தார். பெண்கள் பக்கம் அண்ணி.

தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார்: "உறுப்பினர் சொன்ன தாயை ஆஜர்படுத்த முடியுமா?"

நாத்தனார் எழுந்தாள். "முடியாதுங்க ஐயா. நான்..."

மன்னிப்பு என்ற வார்த்தை வரப்போகிறது. இத்தனை நாள் அண்ணி ஆசைப்பட்டதும் அதுதான். அந்தத் தலை ஒருமுறை குனிய வேண்டும். ஆனால் அது குனிந்தால், குழந்தையும் பொய், மழையும் பொய், 'விளக்கு தெரியுதா பாரு' என்று கெஞ்சியதும் பொய் என்று ஆகிவிடும். தன் குழந்தைக்காக மன்னிப்புக் கேட்க இவள் யார்?

"அவளுக்கு என்ன தெரியும்? நான் சொல்றேன்," என்று அண்ணி எழுந்துவிட்டாள்.

கூடமே திரும்பியது. மரவாடிக்காரர் கால் தானாகக் கீழே இறங்கிற்று.

"நீங்க யாரும்மா?"

"அந்த ஜீப்புல இருந்தவ. குழந்தையைப் பெத்தவ. ஆனா அது ஆம்பளப் புள்ளை இல்லைங்க. பொண்ணு."

தலைவர் பேனாவை நிறுத்தினார். "அப்போ உறுப்பினர் சபையில சொன்னது பொய்யா?"

"ஆமாங்க. அது ஒண்ணுதான் பொய். மத்ததெல்லாம் நிஜம்."

சொல்லத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. நாத்தனார் சொன்னதைவிட நன்றாகச் சொன்னாள்; பார்த்தவளுக்கும் பெற்றவளுக்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா! குழந்தையின் காதோரம் இருந்த பூனைமுடியைச் சொன்னாள். அதன் விரல் தன் விரலைப் பிடித்ததையும், பிடி தளர்ந்ததையும் சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ விம்மினார்கள்.

"பதிவு ஏன் இல்லை?"

"பொண்ணுங்கறதால."

"குழந்தையோட தகப்பனார்?"

அண்ணி கையை நீட்டினாள். "அதோ, முன்வரிசையில உட்கார்ந்திருக்கார். நீங்களே கேட்டுக்குங்க."

மரவாடிக்காரர் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. நான்கு பக்கமும் பார்த்தார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர், ஜன்னல்களில் நிறைந்திருந்த பெண்களின் முகங்களைக் கண்டு, "ஆமா," என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

பிற்பாடு நடந்ததையும் சொல்லிவிடலாம். மகப்பேறு விடுதிக்கு அனுமதி கிடைத்தது. ஆண் குழந்தை என்று தவறான தகவல் தந்ததற்காக நாத்தனாரைச் சபை கண்டித்தது. கண்டிக்கப்பட்டவள் அவள் ஒருத்திதான். மரவாடிக்காரர் வீட்டுக்கோ, குழந்தையைப் பறிகொடுத்த தகப்பன் என்று ஊரே திரண்டு போய் அவர் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்துவிட்டு வந்தது.

ஆனால் அன்றைக்கு, விசாரணை முடிந்ததும் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார். வடக்கத்திப் பெண்கள் அண்ணியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொருத்தியிடமும் இறந்துபோன ஒரு குழந்தை இருந்தது, எங்கேயும் பதியாத குழந்தை. அதில் பாதிக்கு மேல் பெண். கூட்டத்துக்கு வெளியே மெம்பரம்மா தனியாக நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணிக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருப்பதை அவள் மறைக்கவும் இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு நாத்தனார் கிட்டே வந்தாள். "அண்ணி, நம்ம வீட்டுக்கு..."

"அந்த வீட்டுக்கு நான் போகலை. எங்க அம்மா வீடு இங்கதானே பூட்டிக் கிடக்குது." அண்ணி கொஞ்சம் தயங்கினாள். "அன்னிக்கு நான் ஜுரத்துல கண்ணு முழிக்காம கிடந்தேன். நீதானே அவளைக் கொண்டு போனே? எங்க வெச்சே?"

நாத்தனாரின் கண்கள் நிறைந்தன. "ஆத்துமேட்டுல, புங்கமரத்துக்குக் கீழ. வருஷா வருஷம் போய்ப் பார்த்துட்டு வர்றேன் அண்ணி. வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

வருஷா வருஷம்! தான் ஒருமுறைகூடப் போகாத இடத்துக்கு இவள் வருஷா வருஷம் போயிருக்கிறாள். பழைய எரிச்சல் ஒருமுறை பற்றி எழுந்தது. அண்ணி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"வழியை மட்டும் சொல்லு," என்றாள். "நீ கூட வராதே."

நாத்தனார் வழி சொன்னாள். அண்ணி ஆற்றுமேட்டைப் பார்த்து நடந்தாள்.