பட்டியலில் அம்மாவின் பெயர்

மலைமேல் கொட்டச்சேட்டில் அந்தக் காப்பி எஸ்டேட் ஆபீசுக்குள் நுழைந்ததுமே கணக்கெழுதும் ரைட்டர் பிரகாஷ் துண்டால் நாற்காலியைத் துடைத்து, "உக்காருங்க மேடம்" என்றார். சேலம் கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியருக்குத்தான் அந்த மரியாதை. கனகா என்கிற இந்த மேடம், அவருக்குக் கீழே காப்பிப் பழம் பறிக்கும் மாதம்மாளின் மகள் என்பது அந்த மனுஷனுக்குத் தெரியாது. ஹாஸ்டலிலேயே வளர்ந்தவள் நான். நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

வேலை சின்னதுதான். ஆட்களெல்லாம் காலையில் ஆபீஸ் வைஃபையில் போனைச் சேர்த்துத்தான் வருகை போட வேண்டும். யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்பது ரவுட்டரின் இணையப் பக்கத்தில் தெரியும். இதுவரை ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் திறந்த அந்தப் பக்கத்தை, இனி முதலாளி சென்னையில் இருந்தபடியே பார்க்க வேண்டுமாம்.

"பாஸ்வேர்டெல்லாம் எதுக்குங்க, சும்மா தொறந்து உட்ருங்க. முதலாளிக்குச் சிரமம்" என்றார் பிரகாஷ்.

கண்டவனும் உள்ளே வருவான் என்றேன்.

"இந்தக் காட்டுக்குள்ள வந்து என்னத்தைங்க எடுக்கப் போறான்?"

நான் வி.பி.என். என்கிற பூட்டிய வழியைப் போட்டு, முதலாளியின் போனுக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். பிரகாஷ் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, சரிபார்க்கப் பட்டியலைத் திறந்தேன்.

நொண்டி. ஓடுகாலி. குடிகாரன் பொண்டாட்டி. காப்பித் திருடி.

ஒவ்வொரு போனுக்கும் இந்த மனுஷன் வைத்திருந்த பெயர்! கடைசிப் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், போனின் சொந்தப் பெயர் இருந்தது: மாதம்மாள். அந்தப் போனை வாங்கி அந்தப் பெயரை வைத்தவளே நான்தான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மூட்டை குறைகிறதென்று அம்மாவைத் திருடி என்றார்கள். ரைட்டர்தான் எடையைத் தப்பாக எழுதிவிட்டார் என்பது மறுநாளே தெரிந்துபோயிற்று. அப்படியும் விடவில்லை பாருங்கள். சீ, இவன் கொடுத்த டீயையா குடித்தேன்!

அதற்குள் முதலாளி போனில் வந்துவிட்டார். "வந்துருச்சும்மா, எல்லாம் தெரியுது!" அப்புறம் ஸ்பீக்கரில் ஒரே சிரிப்பு. "யோவ் பிரகாஷ், யாருய்யா இந்தக் காப்பித் திருடி?"

"நம்ம மாதம்மாங்க ஐயா. சும்மா ஒரு அடையாளத்துக்குப் போட்டதுங்க."

"எங்கம்மாங்க அது" என்றேன்.

சிரிப்பு நின்றது. ஒருத்தராவது மன்னிப்புக் கேட்க வேண்டுமே! "சரிம்மா, லைன் கட்டாகாமப் பாத்துக்க" என்று முதலாளி பேச்சை மாற்றினார். தூ! நான் ஒவ்வொரு பெயராக அழித்து, பிரகாஷையே சொல்லச் சொல்லி அவரவர் பெயரைப் போட்டேன். சென்னையில் அவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்றுதான் நிதானமாகப் போட்டேன்.

சாயந்திரம் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். தட்டில் சோறு போட்டாள்.

"ரைட்டரு நல்லாப் பேசுனாரா கண்ணு? அன்னிக்குத் திருடின்னு சொன்னாலும், இப்ப மனசு மாறிட்டாரு. எனக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியாதே, வைஃபையில எம்பேரை அவரே அடிச்சாரு. கிட்டக்க நிக்க வெச்சு, இதாம்மா உம்பேருன்னு காட்டுனாரு."

"நீ என்னம்மா சொன்ன?"

"என்னத்தைச் சொல்றது? நொம்ப நன்றிங்கன்னு கும்பிட்டுட்டு வந்தேன்."