கழுவிவிட்ட வீடு

சுந்தர்ராஜைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், மாயக்காள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் குடத்தைக் கூடத்தில் கவிழ்த்தாள். போனவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்தான். அதற்காகப் பிணம் போன வீட்டைக் கழுவாமல் விட முடியுமா?

சங்கிலியம்மாள் சுவரோரம் உட்கார்ந்து, கணவர் கிடந்த இடத்தில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தாள்.

“மதினி, அந்தக் கம்ப்யூட்டர் ரூமையும் கழுவிரவா? ஒரே தூசியாக் கெடக்கு.”

“அங்கன போகாத ஆத்தா. ஒங்கண்ணன் வைவாக.”

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெங்களூர் அருங்காட்சியகத்தில் கம்ப்யூட்டர் பிரிவைக் கட்டிக் காத்தவர் அவர். நம் நாட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த கதையைத் தடித்த புத்தகமாக எழுதியவர். ஓய்வுபெற்றுக் காமயகவுண்டன்பட்டிக்கு வந்தும் பழக்கம் விடவில்லை. ஆபீஸ்கள் கழித்துக்கட்டிய மிஷின்களை வேன் வைத்து ஏற்றி வந்தார். ஊர் வைத்த பேர் பழைய இரும்புக்காரர். அதற்கும் சிரித்துக்கொள்வார்.

கோபப்பட்டது ஒரே ஒரு முறை. சின்னமனூர் ஆபீஸ் ஒன்றிலிருந்து வந்த கம்ப்யூட்டரின் நெற்றியில், ஆயுதபூஜைக்கு வருசா வருசம் வைத்த சந்தனமும் குங்குமமும் அடையடையாகக் காய்ந்திருந்தன. பொங்கலுக்கு வீடு துடைத்த சங்கிலியம்மாள் அதையும் பளிச்சென்று துடைத்து, புதுப்பொட்டு வைத்துவிட்டாள்.

“மிஷின் எங்கன வேணாலும் கெடைக்கும் சங்கிலி. அதத் தொட்டவுக அழுக்கு கெடைக்காது,” என்றார். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரையும் துடைக்க விடவில்லை. அழுக்குக்கு இந்தப் பாடா என்று அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

கூடம் கழுவி முடிந்தது. அவர் படுத்த பாய் சுடுகாட்டுக்குப் போய்விட்டது. சட்டைகள் சோப்புத் தண்ணீரில் ஊறின. எங்கு மோந்தாலும் பினாயில் வாசம். மனுசன் வாசம் துளியும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மாயக்காள் பாத்திரங்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு போனாள். மேலாக அவருடைய காபி தம்ளர். நேற்றுக் காலையில் பாதி குடித்துவிட்டு, நெஞ்சு வலிக்கிறது என்று வைத்தது. விளிம்பில் உதடு பட்ட கறை காய்ந்திருந்தது.

“அத மட்டும் குடு.”

“எச்சித் தம்ளரு மதினி. வெளக்கித் தாரேன்.”

“வெளக்க வேணாம்.”

அவர் சாமான் எடுப்பதைப் போலவே, விளிம்பில் கை படாமல், அடியை மட்டும் சேலை நுனியால் பிடித்து எடுத்தாள். மிஷின் அறைக்குள் போய், அந்தச் சின்னமனூர் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். கூடத்துத் தண்ணீர் அறைக்குள் வரப் பார்த்தது. ஒரு சாக்கைச் சுருட்டி நிலைப்படியில் அணை வைத்தாள்.