ஹஸ்னியா ஊற்றிய மூன்றாவது காப்பி

ஏப்ரல் எட்டாம் தேதி, திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, ஹஸ்னியாவின் தட்டில் கூடுதலாக இருந்த கோப்பையின் காப்பியை யாரோ குடித்து முடித்தார்கள். அப்போது அந்தச் சமையலறையில் ஹஸ்னியாவைத் தவிர ஆள் கிடையாது. ஹெர்செகோவினாவில் எங்கள் பகுதி வீடுகளில் காப்பித் தட்டில் எப்போதும் ஒரு கோப்பை அதிகம் இருக்கும், சொல்லாமல் வருகிறவருக்காக. ஹஸ்னியா தனி ஆள் என்பதால் தினமும் இரண்டு கோப்பை ஊற்றுவாள். இருபத்து மூன்று வருடங்களாக இரண்டாவது கோப்பை ஆறிப்போய் ரோஜாச் செடிக்குத்தான் போயிற்று. அன்று அதன் அடியில் மண்டி மட்டும் இருந்தது. பக்கத்திலிருந்த சர்க்கரைக் கட்டியிலும் ஒரு கடி.

பத்து நாள் கழித்து ஸ்வீடனிலிருந்து கடிதம் வந்தது. எழுதியவள் ஜெலீலா, அந்த வீட்டின் சொந்தக்காரரான ஷெஃப்கோவின் ஒரே மகள். ஆறு வயதில் போன பெண். எட்டாம் தேதி காலை காப்பி குடிக்கும்போதுதான் முடிவு செய்ததாகவும், ஆகஸ்டில் ஹெர்செகோவினாவுக்கு வரத் திட்டம் போட்டுக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தாள். கடிதத்தை ஹஸ்னியா நான்கு முறை படித்தாள். ஏன் வருகிறாள் என்று ஒரு வரி கூட இல்லை.

பயப்பட அவளுக்குக் காரணம் இருந்தது. போரில் ஹஸ்னியாவின் வீடு எரிந்தது, கணவர் திரும்பவில்லை. சண்டை ஓய்ந்ததும் ஷெஃப்கோ ஸ்வீடனிலிருந்து சொல்லியனுப்பினார்: என் வீட்டில் இரு, அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள். பேப்பரில் எதுவும் எழுதவில்லை. கூரை மாற்றியது, திராட்சைப் பந்தல் போட்டது எல்லாம் ஹஸ்னியா. போன இலையுதிர் காலத்தில் ஷெஃப்கோ இறந்துபோனார். இப்போது மகள் ஒரு வார்த்தை சொன்னால், அறுபத்திரண்டு வயதில் ஹஸ்னியா பெட்டியோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

மே மாதம் முழுக்க நல்ல வெயில். ஆனாலும் ஹஸ்னியாவின் வாசற்படியில் காலை நேரங்களில் கொஞ்சம் பனி உருகிக் கிடந்தது, காலணியைக் கழற்றி வைத்தால் சுற்றிலும் சேருமே, அந்த மாதிரி. பக்கத்து வீட்டு ராமிஸ், முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தான்.

"காலணியக் கழட்டிட்டுத்தான் அந்த ஜெலீலா உள்ள வர்றா. அப்ப நம்மூர்ப் பழக்கம் மறக்கல. அதான்க்கா பயமா இருக்கு."

"அதுல என்னடா பயம்?"

"வெளிநாட்டுக்காரின்னா நாம ரெண்டு பொய் சொல்லி அனுப்பிரலாம். நம்ம ஆள்கிட்ட எந்தப் பொய் எடுபடும்?"

ஞாயிற்றுக்கிழமைகளில் விஷயம் இன்னும் மோசமாயிற்று. முதல் ஞாயிறு முன்னறை ஜன்னலின் இரு ஓரத்திலும் நீலச் சாக்குக்கட்டிக் கோடு விழுந்தது. அடுத்த வாரம் படுக்கையறை ஜன்னல். பிறகு மாடி. ஐந்து வாரத்தில் ஐந்து ஜன்னல்கள் அளக்கப்பட்டன. கடைத்தெருவில் எங்களுக்கெல்லாம் ஒரே கருத்துதான், எனக்கும்தான்: விற்கப் போகிறவள்தான் அளப்பாள். ராமிஸ் ஒரு படி மேலே போனான்.

"இடிச்சுட்டு ஹோட்டல் கட்டப் போறா. டூரிஸ்டுகளுக்கு உங்களையே காப்பி போட வைப்பா, பாருங்க."

"வாயக் கழுவுடா," என்றாள் ஹஸ்னியா. ஆனால் அன்று அவள் சாப்பிடவில்லை.

ஆறாவது ஞாயிறு, சமையலறை ஜன்னல் மட்டுமே மிச்சம். விருந்தாளிக்கு எங்கள் ஊரில் மூன்று காப்பி உண்டு. வந்ததும் ஒன்று, பேசப் பேச ஒன்று. மூன்றாவதை ஊற்றினால் போய் வாருங்கள் என்று அர்த்தம், யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. ஹஸ்னியா அன்று ஆளில்லாத கோப்பைக்கு முதல் காப்பியை ஊற்றினாள், தீர்ந்தது. இரண்டாவதை ஊற்றினாள், அதுவும் தீர்ந்தது. மூன்றாவதை ஊற்றினாள். காப்பி அப்படியே நின்றது. வாசற்படி ஒரு நிமிடத்தில் காய்ந்துபோயிற்று.

செவ்வாய்க்கிழமை தொலைபேசி அடித்தது.

"அத்தை, ஏன்னே தெரியல. டிக்கெட் போடலாம்னு ஞாயித்துக்கெழம உக்காந்தேன். திடீர்னு யாரோ என்னை எழுந்து போன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. இந்த வருஷம் வேண்டாம்."

"சரிம்மா. உன் சவுகரியம்," என்றாள் ஹஸ்னியா.

இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினாள். மூன்றாம் நாள் அந்த நிறைந்த கோப்பையைக் கழுவப் போனவள் அழ ஆரம்பித்தாள். ஒரு பெண்ணை அவள் அப்பன் வீட்டிலிருந்தே காப்பி ஊற்றித் துரத்தியிருக்கிறாள். ஷெஃப்கோ உயிரோடு இருந்தால் இந்த முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? அவமானம் அவளைப் பிடுங்கித் தின்றது. மறுநாள் காலையிலிருந்து அந்தக் கோப்பைக்கு முதல் காப்பியை மட்டும் ஊற்றி, சர்க்கரைக் கட்டி இரண்டாக வைத்தாள். பதினோரு நாள் ஒரு சொட்டு குறையவில்லை. பன்னிரண்டாம் நாள் பாதி குறைந்திருந்தது. பாதிதான். சந்தேகம் அந்தப் பக்கமும் இருந்திருக்கிறது.

ஆகஸ்ட் பத்தாம் தேதி, இந்த வருஷம் வேண்டாம் என்ற ஜெலீலா பஸ்ஸில் வந்து இறங்கினாள். படியில் காலணியைக் கழற்றினாள். யாரும் காட்டாமலே சமையலறைக்குப் போய், கோப்பைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹஸ்னியா காப்பி ஊற்றினாள். ராமிஸ் உப்புக் கேட்கிற சாக்கில் வந்து நின்றான். வெறும் கையோடு, கிண்ணம் கூட எடுத்து வரவில்லை.

ஹஸ்னியாவுக்குப் பொறுக்கவில்லை. "சுத்தி வளைக்காமச் சொல்லிரு. வீட்ட விக்கத்தானே வந்த?"

ஜெலீலா பெட்டியைத் திறந்து வெள்ளைத் துணி மூட்டை ஒன்றை எடுத்தாள். ஓரமெல்லாம் பூவேலை செய்த ஜன்னல் திரைகள்.

"விக்கிற வீட்டுக்கு யாராவது ஒக்காந்து திரை தைப்பாங்களா அத்தை? நீங்கதான் பூட்ட மாத்திட்டு என்னை உள்ள விட மாட்டீங்கன்னு பயந்துட்டிருந்தேன்."

ராமிஸ் உப்பை மறந்து வெளியே போனான். பெண்கள் இருவரும் நாற்காலி மேல் ஏறித் திரைகளை மாட்டினார்கள். ஒவ்வொன்றும் நூல் பிசகாமல் பொருந்தியது. ஐந்து ஜன்னலுக்கு ஐந்து திரை. சமையலறை ஜன்னல் மொட்டையாக நின்றது.

"இது ஒண்ணுக்கு மட்டும் எவ்வளவு யோசிச்சும் அளவு மனசுல வரல," என்றாள் ஜெலீலா.

ஹஸ்னியா அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அளவு ஏன் வரவில்லை என்பதை அன்றும் சொல்லவில்லை, ஜெலீலா இரண்டு வாரம் தங்கிப் புறப்படும்போதும் சொல்லவில்லை. மூன்றாவது காப்பியை மட்டும் கடைசி வரை ஊற்றவே இல்லை. அதனால் அந்தப் பெண் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியதாயிற்று.

பிப்ரவரியில் ஒரு காலை கோப்பை மறுபடி காலியாக ஆரம்பித்தது. ஹஸ்னியா டேப்பை எடுத்துச் சமையலறை ஜன்னலை இரண்டு முறை அளந்து, நீளத்தையும் அகலத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கோப்பைக்கு அடியில் வைத்தாள். ராமிஸ் பத்து மணிக்கு வந்தபோது சீட்டு அங்கே இல்லை. அவன் தன் காப்பியை எடுத்துக்கொண்டு, கோப்பைக்கு எதிரே இருந்த நாற்காலியை விட்டு இந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.