நீராவிக்குள் சொன்ன பெயர்

செஃப்ரூ ஊரின் பெண்கள் ஹம்மாமில், அந்தப் பொது நீராவிக் குளியல் கூடத்தில், இத்தோ இருபது வருடமாக முதுகு தேய்க்கிறாள். கூரையில் பதித்த கண்ணாடி வில்லைகள் வழியே இறங்கும் வெளிச்சம் வெந்நீர் ஆவியில் கரைந்து, உள்ளே எந்நேரமும் அப்போதுதான் விடியப்போகிற மாதிரி இருக்கும். யாருடைய முகமும் முழுதாகத் தெரியாது. முதுகை வைத்துத்தான் அவள் ஆட்களை அடையாளம் கண்டுகொள்வாள்.

அக்கா ரஹ்மாவின் முதுகு அவளுக்கு மனப்பாடம். ரஹ்மா வியாழன்தோறும் வருவாள். போன வசந்தத்தில் அந்த முதுகில் எலும்பு தட்டுப்பட ஆரம்பித்தது. நோன்பு மாதத்தில் இளைத்திருப்பாள் என்று இத்தோ நினைத்துக்கொண்டாள். நடு முதுகில் வலி, குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை என்றாள் ரஹ்மா. பிறகு உடம்பெல்லாம் அரிப்பு. "இன்னும் அழுத்தித் தேய்டி" என்பாள். இத்தோவும் கையுறையை மாட்டிக்கொண்டு தோல் சிவக்கத் தேய்த்தாள். சிவப்புக்கு அடியில் மஞ்சள் தெரிந்தது. வெளிச்சம் அப்படிக் காட்டுகிறது என்று விட்டுவிட்டாள்.

ஃபெஸ் நகரத்து மருத்துவர் கணையப் புற்றுநோய் என்று சொன்னபோது அது கல்லீரல்வரை போயிருந்தது. அத்தி பழுக்கும் காலத்தில் ரஹ்மாவை அடக்கம் செய்தார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் வீட்டார் "அந்த நோய்" என்றார்கள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

நவம்பரில் சுகாதார நிலையத்து நர்ஸ் இப்திஸாம் ஊதா நிற ரிப்பன் குத்திக்கொண்டு இந்த நோயைப் பற்றி ஒரு கூட்டம் போட்டாள். நாற்பது நாற்காலிக்கு ஐந்து பேர் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி இத்தோ. கணையம் எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது: இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால். தன் கை வாராவாரம் போய்வந்த இடத்துக்கு நேர் உள்ளே.

ஊர்ப் பெண்கள் இங்கே வரமாட்டார்கள், நீங்கள் வியாழக்கிழமை ஹம்மாமுக்கு வாருங்கள் என்று நர்ஸைக் கூப்பிட்டாள்.

ஹம்மாம் நடத்தும் கீத்தாவுக்கு, ஊரார் மரியாதையாக 'லல்லா' என்று கூப்பிடுகிறவளுக்கு, அது பிடிக்கவில்லை. "ஜனங்க இங்க அழுக்குப் போக்க வர்றாங்க. அந்த நோய் பேரை எடுத்தா, அடுத்த வாரம் நீயும் நானுந்தான் மாத்தி மாத்தி முதுகு தேய்ச்சுக்கணும்."

"பேரே எடுக்காமத்தான் லல்லா, எங்க அக்கா போய்ச் சேர்ந்தா."

வியாழக்கிழமை நர்ஸ் வாசலில் வந்து நின்றாள். கீத்தா அவளிடம் ஒரு துண்டை நீட்டினாள்.

உள்ளே, ஆவிக்கு நடுவில் நர்ஸும் துண்டோடு உட்கார்ந்தாள். இத்தோதான் பேசினாள். "எங்க அக்கா முதுகு மஞ்சளாச்சு. வெளிச்சம்னு நினைச்சேன். கண்ணு மஞ்சளானா, உடம்பெல்லாம் அரிச்சா, மூத்திரம் டீ மாதிரி கருத்தா, வெளிக்கி வெளுத்துப் போனா, சும்மா சும்மா இளைச்சா, போய்க் காட்டுங்க. கணையம்னு ஒண்ணு இருக்கு."

ஐம்பது தாண்டித் திடீரென்று சர்க்கரை வந்தாலும் சொல்லுங்கள் என்றாள் நர்ஸ். பெரும்பாலும் வேறு ஏதாவதாகத்தான் இருக்கும், ஆனால் பார்க்காமல் தெரியாது.

பிறகு ஆவிக்குள்ளிருந்து ஒரு குரல்: "இவ கையில மாட்டினா யாருக்குத்தான் அரிக்காது?" சிரிப்பு சுவருக்குச் சுவர் உருண்டது. சிரிப்பு ஓய்ந்ததும், முகம் தெரியாத தைரியத்தில் ஒவ்வொருத்தியாகக் கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்த மாதம் மூன்று பேர் பரிசோதனைக்குப் போனார்கள். ஒருத்திக்குப் பித்தப்பையில் கல். ஒருத்திக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது ஆள், அன்று ஆவிக்குள் இருந்த ஷாமாவின் புருஷன், ஒலிவ எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறவர். மூத்திரம் கருத்துப் போவதை வீட்டில் மறைத்துவந்தவர். ஷாமா அன்று ஹம்மாமிலிருந்து ஈரத் தலையோடு போய் நேரடியாகக் கேட்டுவிட்டாள். சோதனையில் அவருக்குக் கணையத்திலேயே கட்டி என்று தெரிந்தது.

ஜனவரியில் அவள் வந்து இத்தோவின் முன்னால் உட்கார்ந்தாள். "பரவறதுக்கு முன்னாடியே வெட்டி எடுத்துட்டாங்க. இப்பக் கொஞ்சம் கொஞ்சமா சூப் குடிக்கிறார். இன்னும் ஆறு மாசம் மருந்து ஏத்தணுமாம். அப்புறம் எப்படியோ, டாக்டருக்கே தெரியலை."

அந்த மனிதரை இத்தோ ஒருநாளும் பார்த்ததில்லை. ஆவிக்குள் அவருக்கு ஒரு முதுகை வரைந்து பார்த்தாள். சந்தோஷம் வந்தது. அதன் பின்னாலேயே அக்காவுக்கு இது கிடைக்காமல் போனதே என்ற கோபமும் வந்தது.

"சந்தோஷமாத்தான் இருக்கு. பொறாமையாவும் இருக்குடி."

"இருக்கட்டும்கா" என்றாள் ஷாமா. இத்தோவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இத்தோ ஒரு வாளி வெந்நீரை மெல்ல அவள் தோளில் ஊற்றினாள். மூலையில், யாரென்று தெரியாத ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "முதுகுகிட்ட கணையம்னு ஒண்ணு இருக்காமே, உனக்குத் தெரியுமா?"