சுவரொட்டிக்கு ஒரு முகம்

கூலாய் மண்டபத்தில் நீர்நாயின் படம் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு மீன்கள் நம் ஆறுகளைக் கெடுப்பதை ஜொகூர் மக்களுக்குச் சொல்ல ஒரு பிராணி வேண்டும். பள்ளிகளிலும் பேருந்துகளிலும் ஒட்டப்போகும் சுவரொட்டிக்கு ஒரு முகம். குட்டியை அணைத்திருந்த தாய் நீர்நாயைப் பார்த்ததுமே ஆசிரியை கஸ்தூரி உருகிவிட்டார். பிள்ளைகள் இதை விடவே மாட்டார்கள் என்றார்.

கூட்டத்தைக் கூட்டிய ரூபினி தலையாட்டினாள். அவளது மடிக்கணினியில் இன்னொரு படமும் இருந்தது. விரல் நீளம்கூட இல்லாத கறுப்புச் சண்டை மீன். அதைக் காட்டத்தான் தைரியம் வரவில்லை. அந்த மீன் வாழும் ஓடை, எதிரே உட்கார்ந்திருந்த அவள் கணவன் தீபனின் மீன் பண்ணைக்குப் பின்னால் ஓடியது. போன மழையில் குளத்தின் கரை உடைந்து, அவன் வளர்த்த பீக்காக் பாஸ் என்ற வெளிநாட்டு மீன்களெல்லாம் ஓடையில் இறங்கிவிட்டன. வெளியே தெரிந்தால் பண்ணை உரிமம் போய்விடும் என்று அவளிடம் கெஞ்சியிருந்தான்.

தலைமை வகித்த தயானந்தன், மீன்வளத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, வெளி மீனால நீர்நாய்க்கு என்ன கேடு?"

ரூபினி வாய் திறப்பதற்குள், பண்ணைக்காரர்கள் சார்பில் வந்திருந்த தீபன் முந்திக்கொண்டான். "அதுக்கென்ன கேடு சார்? என் குளத்துல பூந்து தின்னு தின்னு கொழுத்துப்போய்க் கெடக்கு லா."

எல்லாரும் சிரித்தார்கள். ரூபினிக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்னது உண்மை. விருந்து சாப்பிடுகிற பிராணியைப் பாவப்பட்டதாகக் காட்டினால் சுவரொட்டி முழுக்கப் பொய். போன வாரம் ஓடையில் அவள் வலை போட்டபோது பாஸ் குஞ்சுகளாகவே வந்தன. கறுப்பு மீன் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது.

கணினியை அவர்கள் பக்கம் திருப்பினாள். "இதுதான் சார் செத்துக்கிட்டிருக்கு."

பேருந்தில் ஒட்டினால் இது யார் கண்ணில் படும் என்று கஸ்தூரி கேட்டார். பேருந்து அளவுக்குப் பெரிதாக்கிப் போடலாம் என்றாள் ரூபினி.

"எங்க இருக்கு?" என்றார் தயானந்தன்.

தீபன் லேசாகத் தலையை அசைத்தான், வேண்டாம் என்பதுபோல். வேறு ஊரான ஆயர் ஈத்தாம் பக்கம் என்று சொல்லி அவள் மழுப்பியிருக்கலாம்.

"எங்க பண்ணைக்குப் பின்னால சார்."

"அதத் தின்றது எது?"

அதை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. மேசையைப் பார்த்தபடி தீபன்தான் பேசினான்.

"என் பாஸ்தான் சார். கரை ஒடஞ்சிருச்சு. நான்தான் மறைச்சேன்."

சுவரொட்டிக்குக் கறுப்பு மீனே முடிவாயிற்று. துறைக்குத் தான் தெரிவித்தே ஆக வேண்டும் என்றார் தயானந்தன். உரிமம் என்னாகும் என்று அவருக்கும் தெரியவில்லை.

காரில் ஏறியும் தீபன் சாவியைத் திருகவில்லை.

"முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்" என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பாமலே, "காலையில ஓடையில இறங்கி பாஸுக்கு வல போடணும். மறு பக்கம் பிடிக்க ஆள் வேணும்" என்றான்.

"நான் பிடிக்கிறேன்" என்றாள் ரூபினி.